வாசலில் ஓடும் ஆறு

 

ஐவேளைத் தொழுகையின் சிறப்பைப் பேசும்போதெல்லாம் உலமாக்கள் தவறாது எடுத்துக் கூறும் நபிமொழி ஒன்று உண்டு. ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிதாபுகளிலும் பதிவாகியிருப்பது. ஒருவருடைய வீட்டு வாசலில் ஓர் ஆறு ஓடி, அதில் அவர் நாள்தோறும் ஐந்து தடவை குளித்து வருவாரானால் அவருடைய உடம்பில் அழுக்கு ஏதும் மீதியிருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் வினவினார்கள். ஒன்றும் இராது என்று தோழர்கள் பதிலளித்தார்கள். ஐவேளைத் தொழுகையும் அத்தகையதே, அதனைக் கொண்டு அல்லாஹ் பாவங்களைப் போக்கி விடுகிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியருளினார்கள்.

இந்த ஹதீஸை எங்கள் ஊர் மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே கேள்வியை நான் அவர்களிடம் கேட்டேன். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நம்ம ஆத்துல ஒரு தடவ குளிச்சாலே சொறி வருமே!" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பள்ளிவாசலும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஹதீஸில் வருகிறபடியே எங்கள் வாசலிலும் ஆறு. ஆனால் நபிகள் பெருமானார் தூய்மைக்கு உவமையாகக் காட்டியது இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அசுத்தமாகவே தெரிகிறது. பையன் சொன்னதில் பிழையில்லை. அப்படியானால் பிழை யாருடையது?

இந்தக் கேள்வி மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த சமயத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அழைத்து, அங்கே சென்று வரும் வாய்ப்புக் கிட்டியது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நம் முன்னோர்கள் 1826ல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, இருவரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் கரையில் உலாவிக் கொண்டிருந்தார்கள். மின்சாரத்தில் ஓடும் படகொன்றில் ஏறினோம். பாலங்களின் அடியில் படகு நழுவிச் சென்றபோது குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. எந்தத் துர்நாற்றமும் இல்லை. நீர்நாய்க் குடும்பங்கள்கூட இந்த ஆற்றுக்கு வந்து மீன் பிடித்துப் போகின்றன என்று மருமகன் சொன்னான்.

"இப்படி வேடிக்கை பார்ப்பதில் பொழுதைக் கழிக்கலாமா ஹஜ்ரத்?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். தாராளமாகக் கழிக்கலாம். தொழுகையை விட்டுவிட்டு அல்ல, அவ்வளவுதான். சூரா நம்லில் அல்லாஹுத்தஆலா தான் வானத்திலிருந்து இறக்கிய நீரால் முளைப்பித்த தோட்டங்களைச் சொல்லும்போது, கண்டு மகிழும் அழகுடையவை என்றே அவற்றைச் சிறப்பிக்கிறான். பயன் தருபவை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ரப்பின் அருளைக் கண்ணால் கண்டு, மனம் மகிழ்ந்து, சுப்ஹானல்லாஹ் என்று சொல்வதும் ஷுக்ருதான்.

அந்த ஆற்றுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே படகுத் தொழிலில் முன்னணியில் நின்றவர்கள். கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கிறக்கி ஆற்றோரக் கிட்டங்கிகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் வேலை. 1822ல் வகுத்த நகர வரைபடத்திலேயே ஆற்றின் தென்கரையில் 'சூலியா கம்பம்' என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் படகுத் தொழில் சீனர்கள் கைக்கு மாறிவிட்டது. ஆற்றுக்கு அருகே சூலியா தெரு என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

இந்த ஆறு எப்போதும் இப்படி இருக்கவில்லை. நூறாண்டுக்கும் மேலாக அது சாக்கடையாகவே ஓடியது. கரையில் குடிசைகள், அவற்றின் கழிவு நேராக ஆற்றில். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் எச்சில், சந்தைக் குப்பை, தொங்கான்களிலிருந்து சிந்திய எண்ணெய், பட்டறைகளின் கழிவு, பக்கத்துக் காலாங் ஆற்றின் மேற்பகுதியில் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள். கரையோரம் நடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1977 பிப்ரவரி 27ஆம் தேதி, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு கெடு விதித்தார். பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க வேண்டும் என்பதே அந்தக் கெடு. சரியாகப் பத்தாண்டில், 1987ல், வேலை முடிந்தது. சுமார் 17 கோடி சிங்கப்பூர் டாலர் செலவு. குடியமர்த்திய வீடுகளின் செலவு இதில் சேரவில்லை.

எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான், சகோதரர்களே, நீங்கள் கவனிக்க வேண்டும். ஆற்றில் இறங்கிக் குப்பை வாரியது கடைசி வேலைகளில் ஒன்று. முதலில் அவர்கள் போன இடங்கள் அடுப்படிகளும் கொல்லைப்புறங்களும். சுமார் 26,000 குடும்பங்கள் கழிவுநீர்க் குழாய் உள்ள வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருக்கடைக்காரர்களுக்குத் தண்ணீரும் சாக்கடை இணைப்பும் உள்ள உணவங்காடிகளில் இடம் கொடுக்கப்பட்டது. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் எடுக்கப்பட்டன. 1983ல் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. அதற்கு மேல்தான் அடிச்சேற்றை அள்ளினார்கள்.

இது நாம் ஓதிய மஸ்அலாதானே! துணியில் நஜீஸ் ஒட்டியிருந்தால் முதலில் அந்தப் பொருளை அகற்ற வேண்டும், பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொருள் இருக்கும்போதே எத்தனை குடம் ஊற்றினாலும் துணி சுத்தமாகாது என்பது கிதாபு ஓதும் சிறுவனுக்கும் தெரியும். நம் ஊர்களில் ஆண்டுக்கொரு முறை வாலிபர்கள் கூடி ஆற்றுக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் அவர்கள் பொறுக்கிக் கொண்டிருக்கும்போதே பத்தடி தள்ளிக் குழாயிலிருந்து சாக்கடை கொட்டிக் கொண்டிருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பத்தாண்டில் பலர் பிழைப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தலைமுறையாக ஆற்றில் வாழ்ந்த படகுக்காரர்கள் கண்ணீரோடுதான் போயிருப்பார்கள். ஆறு சுத்தமாக வேண்டும் என்பதற்காக ஏழையின் ஹக்கை மறந்துவிட முடியாது. வெறுங்கையோடு விரட்டாமல் மாற்று இடம் கொடுத்தார்கள் என்பது உண்மை. இழந்தது எல்லாம் அதனால் ஈடாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

2008ல் ஆற்றின் முகத்துவாரத்தில் மரினா அணை எழுந்தது. கடல்நீர் உள்ளே வருவது நின்றது. அன்று மூக்கைப் பொத்த வைத்த ஆறு இன்று குடிநீருக்கான நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி.

மத்ரஸாவில் நாம் ஓதும் முதல் பாடம் எது? கிதாபுத் தஹாரத். அதில் முதலில் வருவது தண்ணீரின் சட்டம். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து நீர், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், இருந்தால் நஜீஸ் விழுந்த மாத்திரத்தில் அது அசுத்தமாகிவிடாது. ஹனபி மத்ஹபினர் பத்துக்குப் பத்து முழம் என்பார்கள். ஆனால் நிறம், சுவை, வாடை இம்மூன்றில் ஒன்று நஜீஸினால் மாறிவிட்டால், எவ்வளவு பெரிய நீராயினும் அது நஜீஸ்தான் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. இந்தச் சட்டத்தை வைத்து எங்கள் ஊர் ஆற்றைப் பார்த்தேன். நிறம் போய்விட்டது. வாடை போய்விட்டது. சுவையைப் பரிசோதிக்க எவருக்கும் துணிவில்லை! சுவனத்து ஆறுகளை வருணிக்கும் சூரா முஹம்மதில் அல்லாஹ் முதலில் குறிப்பிடுவது, தன்மை மாறிக் கெட்டுப்போகாத தண்ணீர் ஓடும் ஆறுகளை. பாலும் தேனும் அதற்குப் பிறகே வருகின்றன.

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. மனிதர் ஒருவர் நீர்த்துறையில் உட்கார்வதற்கே சாபம் என்றால், ஓர் ஊரின் கக்கூஸ் முழுவதையும் குழாய் வைத்து ஆற்றில் திருப்பிவிட்டால் என்ன சொல்வது?

இதை எழுதும் எனக்கே கை கூசுகிறது. ஏனென்றால் எங்கள் பள்ளிவாசல் கழிவறையின் குழாயும் ஆற்றில்தான் போய் விழுகிறது. இருபது வருடமாக எனக்குத் தெரியும். அதே பள்ளியில் உட்கார்ந்து, ஹவுளில் ஒரு காக்கை எச்சமிட்டால் தண்ணீர் என்னவாகும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஹவுளுக்கு வெளியே பத்தடியில் ஓடிய நீரைப் பற்றி ஒரு ஜும்ஆவிலும் பேசியதில்லை. பையன் கேட்டிராவிட்டால் இன்னும் பேசியிருக்க மாட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் ஜமாஅத் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். "ஊரே விடுகிறது ஹஜ்ரத், நாம் மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகிறது?" என்றார் ஒருவர். "ஊரே தொழவில்லை என்றால் நீங்கள் தொழுகையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன் போலும், இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே செப்டிக் டேங்க் கட்டுவதற்கு முதல் நன்கொடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாவது விஷயம் குர்பானி. அறுக்கும்போது துஆவும் தக்பீரும் சரியாகச் சொல்கிறோம். அறுத்த பிறகு குடலையும் இரத்தத்தையும் சாக்குப் பையில் கட்டி இரவோடு இரவாகப் பாலத்திலிருந்து எறிகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் படித்துறையில் அதைக் காண்கிறார்கள். ஆண்டில் ஒரு நாள் நம் வணக்கத்தை அவர்கள் அறிந்துகொள்ளும் விதம் அதுதான். இவ்வருடம் பள்ளிக்குச் சொந்தமான தென்னந்தோப்பில் ஆளுயரத்திற்குமேல் ஆழமாக இரண்டு குழிகள் வெட்டுவதென்றும், கழிவைக் கொட்டிச் சுண்ணாம்பு தூவி மண் மூடுவதென்றும் முடிவாகியிருக்கிறது. கிணற்றிலிருந்து தள்ளியே வெட்ட வேண்டும் என்று முத்தவல்லி நினைவூட்டினார். நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

டேங்க் வேலை பாதி முடிந்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ் ரஜப் மாதத்திற்குள் பழைய குழாயை அடைத்துவிடுவோம். அந்தப் பையன் தினமும் மக்தப் விட்டதும் குழியருகே வந்து நின்று, எவ்வளவு ஆழம் தோண்டியாகிவிட்டது என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.