கடனும் கரவும்

வரிப் பாக்கி ஒருவருடைய சொந்த விவகாரம். அதைக் கொண்டு அவருடைய நாணயத்தை அளப்பது முறையாகுமா?

அமெரிக்காவில் அரசாங்க இரகசியங்களைக் கையாளும் பணிக்கு வருகிறவர், கடந்த 7 ஆண்டுகளில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யவோ வரி செலுத்தவோ தவறியதுண்டா என்ற வினாவுக்கு விடையளித்தாக வேண்டும். கடன் நெருக்கும்போது மனிதன் விலைபோகக்கூடும். ஒரு சட்டத்தை மதியாதவன் மற்றொன்றையும் மதியான் என்பது அவ்வரசின் அச்சம்.

ஆயினும், 2017-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஏழ்மையைக் குற்றமாக்கவில்லை. நோயும் வேலையிழப்பும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. வரித்துறையுடன் உடன்பாடு செய்துகொண்டு, தவணை தவறாது கட்டி வருவது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகிறது. ஆனால், தெரிந்தே பொய்யான விடை எழுதினால், அப்பொய்யே தனிக் குற்றமாகிவிடும்.

கட்டினால் மட்டும் போதுமா? 2009-இல் சுகாதார அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட டாம் டாஷல், பழைய வரியும் வட்டியுமாக ஏறத்தாழ 1,40,000 டாலர் செலுத்தினார்; எனினும் அவர் விலக நேர்ந்தது. பதவி வாசலுக்கு வந்தபின் கட்டிய பணம் ஐயத்தைப் போக்கவில்லை.

கடன் எவருக்கும் வரலாம். அதைக் கேட்குமுன் சொல்வதும், கேட்டபின் மறைப்பதும் நம் கையில் இருக்கின்றன. நாணயம் அங்கேதான் அளக்கப்படுகிறது, அது முறையே.