எரிச்சல் அடங்கிய கால்

ஆடி மாதத்து மதியத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலைச் சுற்றுகிறவர்களின் நடையைப் பார்த்தாலே தரை எவ்வளவு சுடுகிறது என்று தெரிந்துவிடும். குதிகாலைத் தூக்கித் தாவி, நிழல் கண்ட இடத்தில் ஒதுங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் நிதானமாக நடக்கிற ஒருவரைக் கண்டால் பக்தி முற்றியவர் என்றுதான் நினைப்போம். சூடே தெரியாத சர்க்கரைக்காலாகவும் இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பாதத்தைத் திருப்பினால்தான் கொப்புளம் கண்ணில் படும்.

சர்க்கரைக்கால் என்றதும் நமக்கு அறுபது வயதுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். நரம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கட்டுப்படாத சர்க்கரையோடு எத்தனை ஆண்டு கழிந்தது என்பதுதான். டைப் 1 சர்க்கரை நோயில், எட்டு வயதில் இன்சுலின் ஊசி தொடங்கிய பெண் அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்றபடியே வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயதுக்காரி ஆகும்போது நோய்க்கு வயது இருபது. கால் எரியுது என்று அவள் சொன்னால், "நாளெல்லாம் நின்னா அப்படித்தான்" என்று வீட்டில் தைலத்தை நீட்டுவார்கள்.

முதலில் ஏன் கால்? கால்விரலுக்குப் போகும் நரம்பிழையின் உயிரணு இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் ஊட்டம் போய்ச் சேர வேண்டும். மிகுந்த சர்க்கரை அந்த இழையையும், அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது கடைக்கோடிதான் முதலில் காய்கிறது. அதனால்தான் பாதிப்பு இரண்டு காலிலும் விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். இரண்டு இடத்துக்கும் நரம்பின் நீளம் கிட்டத்தட்ட ஒன்று.

மெல்லிய இழைகள் சூட்டையும் வலியையும் சொல்பவை. அவை கெடும்போது இரவில் எரிச்சல், ஊசி குத்தல். போர்வை பட்டாலே காந்தும். தடித்த இழைகள் கெட்டால், "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழன்றதே தெரியல" என்பார்கள். சில மாதம் கழித்து, "எரிச்சல் போயிடுச்சு டாக்டர்" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னால், நரம்பு தேறியதா, ஓய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. இன்னொரு விசித்திரமும் உண்டு. நெடுநாள் எகிறிக் கிடந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், சில வாரத்தில் கடும் எரிச்சல் வரலாம். ஊசியால்தான் வந்தது என்று ஊசியை நிறுத்திவிடுவது டைப் 1காரருக்கு உயிராபத்து. அந்த எரிச்சல் பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே தணியும்.

வலியில்லாத காலைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரும்பகுதி நம்மூரில் எழுதப்பட்டது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரலைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம். உணர்ச்சியற்ற இடத்தில் தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயமே விரலைக் கொண்டுபோகிறது என்று அவர் காட்டினார். அந்தப் பாதங்களுக்காக அங்கே உருவான மெத்து ரப்பர் செருப்பைத்தான் இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே பாடத்தைச் சர்க்கரைக் கால்களுக்கும் பொருத்தினார்.

பரிசோதனை எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரிடம் தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிர்வைச் சோதிக்க இசைக்கவை. டைப் 1 என்றால் நோய் தெரிந்து ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை. பி12 அளவையும் பார்ப்பது நல்லது, டைப் 1காரர் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே வயிற்றைத் தாக்கி அந்தச் சத்தைக் குறைத்துவிடும். பிரிகாபலின், டுலாக்செடின் மாத்திரைகள் வலியை அடக்கும், நரம்பை மீட்காது. காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான்: டைப் 1 நோயாளிகள் 1,441 பேரை ஆராய்ந்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு நரம்புக் கோளாற்றைச் சுமார் 60 சதவீதம் குறைத்தது.

மரத்த காலுக்குக் கண்தான் நரம்பு. படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்; ஷூவைத் தட்டிக் கல் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவ வேண்டும். கால் ஆணியில் பிளேடு வேண்டாம். திருவேற்காட்டுக்கும் போகலாம், தரை சுடுவதற்கு முன், விடியற்காலையில்.