குவி யாருடைய நாய்?

கைவிடப்பட்ட நாய்க்குட்டிக்குப் புதுவீடு தேடித் தரும் தொண்டர்கள், வேண்டி வருவோரிடம் சில வினாக்கள் எழுப்புவர்: வேலி உண்டா? தடுப்பூசி போடுவீர்களா? பகலில் வீட்டில் ஆள் இருப்பாரா? கேட்க வேண்டியவைதாம். ஆயினும் பெட்டிமுடியை எண்ணும்போது, இவை போதுமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. மாண்ட 70 பேரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்ற குடும்பத்தினர். தன் வீட்டாரைத் தேடி அலைந்த குவி என்னும் நாய், சில நாள் கழித்து ஆற்றோரம் ஓரிடத்தில் நின்று குரைத்தது. அங்கேதான் அவ்வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது.

சோர்ந்து கிடந்த குவியைக் காவல்துறை நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அழைத்துச் சென்று அன்போடு பேணினார். உணவுக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லை. ஆனால் குடும்பத்தில் எஞ்சிய பாட்டி அதனைத் திரும்பப் பெற விரும்பினார். 2021இல் குவி அவரிடமே வந்து சேர்ந்தது.

வசதியை மட்டும் எடைபோட்டால் இது நாய்க்கு இழப்பே. நாம் அவ்வாறு கருதவில்லை. அக்குழந்தையின் குரலை அறிந்த உயிர்கள் அவ்வீட்டில் எத்தனை மிஞ்சின? பாட்டிக்கு நாய் துணையா, நாய்க்குப் பாட்டி துணையா என்று பிரித்துரைக்க நமக்கு இயலவில்லை.