காத்தலும் அழித்தலும்

ஓர் உயிரைக் காக்கும் பொருட்டுப் பிறிதோர் உயிரை அழித்தல் அறமாகுமா என்பது மிகப் பழைய வினா. போர்க்களத்திலும் நீதிமன்றத்திலும் எழுப்பப்பட்டு வந்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டிற் காட்டினுள்ளும் புகுந்தது. பொதுநிலங்களில் வனசீவராசிகளின் வாழிடங்களைப் பேணவும் சிதைந்தவற்றை மீளமைக்கவும் அமர்த்தப்பட்ட உயிரியலாளர் அதனைத் தம் அன்றாடத் தொழிலிலேயே எதிர்நோக்க வேண்டியவராயினர். மரம் நடுதல் அவர்தம் பணியின் ஒரு பகுதியெனின், மரம் வெட்டுதலும் தீயிடுதலும் கொல்லுதலும் அதன் மறு பகுதியாகும். இம்முரண்பாட்டினைத் தெளிந்துகொள்ள, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறு பறவையைக் காக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கேட்லண்ட் வார்ப்ளர் எனப்படும் அப்பறவை குளிர்காலத்தைப் பஹாமாத் தீவுகளிற் கழித்து, இனப்பெருக்கத்தின் பொருட்டுப் பெரும்பாலும் மிச்சிகனின் மணற்பாங்கான பைன் காடுகளுக்குத் திரும்புவது. அது தரையிலே கூடு கட்டும். அதுவும் ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டு வரை வயதுடைய ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளின் மறைவையே நாடும். மரங்கள் முதிர்ந்து கீழ்க்கிளைகள் பட்டுப்போனதும் அவ்விடத்தை விட்டகலும். ஜாக் பைன் மரத்தின் கூம்புகளோ பிசினால் இறுகி மூடியவை. பெரும்பாலும் தீயின் வெப்பத்தினாலேயே விரிந்து விதை சிந்துபவை. ஆகவே பழைய காட்டை எரித்துப் புதிய காட்டைத் தோற்றுவிக்கும் தீயே இப்பறவைக்கு வாழ்வளித்து வந்தது. மனிதர் காட்டைக் காக்கும் நன்னோக்குடன் தீயைத் தடுக்கத் தொடங்கியபோது இளங்காடுகள் அருகின, பறவையும் அருகியது.

மற்றுமோர் இடர் கௌபேர்ட் என்னும் பறவையால் நேர்ந்தது. இது தனக்கெனக் கூடு கட்டாது பிற பறவைகளின் கூடுகளில் முட்டையிடுவது. ஒருகாலத்தில் உள்நாட்டுப் புல்வெளிகளிற் காட்டெருமைக் கூட்டங்களைத் தொடர்ந்து வாழ்ந்த இப்பறவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவசாயத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டபோது மிச்சிகன் வரை பரவிற்று. 1961 இல் நடந்த கணக்கெடுப்பில் 502 ஆக இருந்த பாடும் ஆண் வார்ப்ளர்களின் தொகை 1971 இல் 201 ஆக வீழ்ந்தது. அக்காலத்தில் ஆராயப்பட்ட கூடுகளுள் ஏறத்தாழ 70 வீதமானவற்றில் கௌபேர்ட் முட்டைகள் காணப்பட்டன. 1972 இல் கௌபேர்ட்களைப் பொறிவைத்துப் பிடித்துக் கொல்லும் திட்டம் தொடங்கிற்று.

கௌபேர்ட் செய்த குற்றம் யாது? அது தன் இயல்பின்படி வாழ்ந்தது. அதற்கு வழி திறந்தவன் மனிதன். குற்றமற்ற உயிர் மனிதனின் பிழைக்காகத் தண்டிக்கப்படுவது நீதியாகாது என்பது ஒரு சாராரின் வாதம். கௌபேர்ட் கண்டமெங்கும் பல்கிய இனம். வார்ப்ளரோ அழிந்தால் மீளாத இனம். எனவே இவ்விரண்டு இழப்புகளும் சமமாகா என்பது மறுசாராரின் வாதம். பின்னதே வலிமை மிக்கதெனத் தோன்றுகின்றது. எனினும், ஓரினம் மீளாதொழிவது பேரிழப்பு என்பதனால், கொல்லப்பட்ட தனியுயிரின் துன்பம் இல்லாததாகிவிடாது. அறத்தின் கணக்கேட்டில் அச்செலவும் எழுதப்படல் வேண்டும்.

இதனினுங் கடினமான வினாவை 1980 ஆம் ஆண்டு எழுப்பிற்று. அவ்வாண்டு மே 5 ஆம் நாள், வார்ப்ளருக்கு வாழிடம் அமைக்கும் பொருட்டுத் திட்டமிட்டு மூட்டப்பட்ட தீ, காற்றின் வேகத்தால் எல்லை மீறிற்று. மக் லேக் தீ எனப் பின்னர் பெயர்பெற்ற அது ஏறத்தாழ 24,000 ஏக்கர் நிலத்தை எரித்தது. வீடுகளும் பிற கட்டடங்களுமாக 44 அழிந்தன. தீயை எதிர்த்து நின்ற வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

ஆண்டுகள் சில கழிந்தன. கௌபேர்ட் அகற்றல் பறவையின் வீழ்ச்சியைத் தடுத்ததேயன்றி வளர்ச்சியைத் தரவில்லை. 1974 இல் 167 ஆயிருந்த தொகை 1987 இலும் 167 ஆகவே இருந்தது. அதன்பின், எரிந்த அப்பெருநிலத்தில் முளைத்த ஜாக் பைன்கள் உரிய வயதை எய்தின. பறவைகள் ஆங்கு திரண்டன. தொகை விரைந்து பெருகிற்று. 2019 இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து வார்ப்ளர் நீக்கப்பட்டது.

அங்ஙனமாயின், அத்தீ நன்மையா தீமையா? விளைவு கொண்டு செயலை அளப்போர், பறவை பிழைத்ததைச் சுட்டி அமைதியுறுவர். ஆயின் தீயை மூட்டியோர் அவ்விளைவை அவ்வழியில் நாடியவரல்லர். வீடிழந்தோரும் உயிரிழந்தவரும் அதற்கு உடன்பட்டவரல்லர். தற்செயலாகக் கிட்டிய பயன் தவறிய செயலின் பொறுப்பைக் கழுவிவிட மாட்டாது. அவ்வாறே, நேர்ந்த பெருந்துயரை முன்னிட்டு இனித் தீயே கூடாது, காட்டில் கை வைத்தலே கூடாது என்பதும் பொறுப்பினின்று தப்பும் வழியேயாம். தீயைத் தடுத்து முன்னரே காட்டை மாற்றிவிட்ட மனிதனுக்கு வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் அவன் விடைகூற வேண்டும். மிச்சிகனில் பின்னர் பெரும்பாலும் வெட்டுதலாலும் நடுதலாலுமே இளங்காடுகள் உருவாக்கப்பட்டன. தவற்றிலிருந்து கற்றலின் அடையாளம் அது.

பொதுநிலம் உயிரியலாளரின் உடைமையன்று. அங்கு அவர் மக்களுக்கும், வாய்பேசா உயிர்களுக்கும், பிறவாத தலைமுறைகளுக்கும் பொறுப்பாளர். ஆகவே தாம் அழிப்பது யாது, எதன் பொருட்டு, எதுவரை என்பனவற்றை அவர் வெளிப்படக் கூறக் கடமைப்பட்டவர். இவற்றுள் 'எதுவரை' என்பதே எளிதில் மறக்கப்படுவது. அரை நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் நிகழ்ந்த கௌபேர்ட் கொலை, 2010களின் பிற்பகுதியில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பொறிகள் அகற்றப்பட்ட பின்னரும் வார்ப்ளர் கூடுகளில் அம்முட்டைகள் மிக அரிதாகவே காணப்பட்டன. வழக்கமாகிவிட்ட ஒன்றை, இன்னும் தேவைதானா எனச் சோதித்து நிறுத்தத் துணிந்த அச்செயல், கொல்லத் துணிந்ததினும் உயர்ந்ததெனலாம். அழிக்கும் அதிகாரம் பெற்றவர் அதனைக் கைவிடும் நாளை ஓயாது தேடிக்கொண்டிருத்தலே, காத்தல் என்னும் பெயருக்கு அவரைத் தகுதியுடையவராக்கும்.