பின்னாலிருந்து படிக்க வேண்டிய பெயர்

டெல்லி அன்சாரி நகரில், எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், ஆய்வக அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து ஊரிலிருக்கும் தெரிந்த டாக்டருக்கு அனுப்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். மதுரைக்கும் போகும், பாட்னாவுக்கும் போகும் அந்தப் படங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் இரத்தத்தையோ சிறுநீரையோ கல்ச்சருக்குக் கொடுத்து இரண்டு மூன்று நாள் காத்திருந்த பிறகு வரும் தாளில், பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருக்கும். ‘கிளெப்சியெல்லா நிமோனியே, மெரோபெனம் ஆர், என்டிஎம் பாசிட்டிவ்’ என்பது அப்படிப்பட்ட வரி.

என்டிஎம் என்பதன் விரிவு ‘நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்’. கேட்டவுடன் மிரட்டுகிறது. ஆனால் மருத்துவப் பெயர்களில் பெரும்பாலானவை சுருக்கி மடித்த வாக்கியங்கள். மடிப்பைப் பிரித்தால் உள்ளே தெளிவான செய்தி இருக்கும். அதை அறியும் உரிமை படுக்கையருகே உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பிரிக்கிறேன்.

தமிழில் ‘மதுரை மல்லிகைப்பூ மாலை’ என்றால் அது மாலை. முன்னால் வருவதெல்லாம் எந்த மாலை என்று குறுக்கிக்கொண்டே போகும். வேதியியல் பெயர்களும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எனவே நாமும் கடைசியிலிருந்து தொடங்குவோம்.

கடைசியில் இருப்பது ‘-ஏஸ்’. முளைகட்டிய பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஒரு பொருளை 1833-இல் பிரான்சில் பிரித்தெடுத்து ‘டயாஸ்டேஸ்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரின் வாலையே எல்லா நொதிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. நொதி எந்தப் பொருளின்மேல் வேலை செய்கிறதோ அதன் பெயருக்குப் பின் இந்த வால் ஒட்டும். கணையத்தில் கோளாறு என்று சந்தேகித்தால் எழுதிக்கொடுக்கும் அமைலேஸ், லிபேஸ் சோதனைகளும் அப்படியே: முன்னது மாவுச்சத்தையும் பின்னது கொழுப்பையும் உடைப்பவை. ஆக, லாக்டமேஸ் என்பது ‘லாக்டம்’ என்ற ஒன்றை உடைக்கும் நொதி. பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் வேறு. பால் ஒத்துக்கொள்ளாததற்கும் இந்த அறிக்கைக்கும் தொடர்பே இல்லை.

லாக்டம் என்பது கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்து வளையமாக மூடிக்கொண்ட ஓர் அமைப்பு. வளையத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் கார்பனுக்கு அடுத்ததை ஆல்பா என்றும் அதற்கடுத்ததை பீட்டா என்றும் எண்ணுவார்கள். நைட்ரஜன் அந்த பீட்டா கார்பனோடு இணைந்தால் பீட்டா லாக்டம். எண்ணிப் பார்த்தால் மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன், மொத்தம் நான்கே மூலை. இந்த நான்கு மூலையில்தான் கதையே இருக்கிறது. அணுக்கள் இயல்பாக விரும்பும் கோணத்தைவிடக் குறுகலாக வளைந்து மூடியிருப்பதால், வளைத்துக் கட்டிய மூங்கில்போல அந்த வளையம் எப்போதும் விறைத்தே இருக்கும். தொட்டால் திறந்துகொள்ளத் தயாராக இருக்கும்.

பெனிசிலினின் நடுவே இருப்பது இந்த வளையம். பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் கண்டார். அதற்குள் நான்கு மூலை வளையம் இருக்கிறதா என்று வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். 1945-இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இருக்கிறது என்று நிறுவினார். பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவரைக் கட்டிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருக்கும் உயிர். அந்தச் சுவரைப் பின்னும் நொதியின் பிடிக்குள் பெனிசிலின் போய் உட்காரும்போது வளையம் திறந்து, நொதியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. சுவர் வேலை நிற்கிறது. உள்ளே உள்ள அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. நம் உடலின் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது என்பதால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது. அமாக்சிசிலின், ‘செஃப்’ என்று தொடங்கும் மருந்துகள், ‘பெனம்’ என்று முடியும் மருந்துகள் எல்லாம் இந்த வளையத்தின் பிள்ளைகள்.

இந்த வளையம் தன் சுவரை எட்டுமுன்பே அதை நீரால் பிளந்துவிட பாக்டீரியா வைத்திருக்கும் நொதிதான் பீட்டா லாக்டமேஸ். இது மருந்துகளுக்குப் பின் புதிதாக முளைத்ததல்ல. பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வருவதற்கு முன்பே, 1940-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்ரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்றைப் பாக்டீரியாவில் கண்டு எழுதியிருக்கிறார்கள். மண்ணில் பூஞ்சைகளோடு பல கோடி ஆண்டுகள் போரிட்ட உயிர்களிடம் இந்த ஆயுதம் முன்பே இருந்தது. ஆன்டிபயாட்டிக்கை அள்ளி வீசிய நாம், அந்த ஆயுதம் உள்ளவற்றை மட்டும் பிழைக்க விட்டுப் பெருக்கினோம்.

அடுத்தது ‘மெட்டல்லோ’. எனக்கு இந்தப் பெயரிலேயே முக்கியமான பகுதி இதுதான். பீட்டா லாக்டமேஸ்களில் பெரும்பகுதி வளையத்தை உடைக்கச் செரின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்துகின்றன. அவற்றை முடக்க மருந்துக்கூட்டாளிகள் உண்டு. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தையும், பிப்பராசிலினோடு டாசோபேக்டத்தையும் சேர்த்துத் தருவது அதற்காகத்தான்; கூட்டாளி போய் நொதியை அடைத்துக்கொள்ள, மருந்து தன் வேலையைப் பார்க்கும். மெட்டல்லோ வகையோ செரினை நம்பியிருக்கவில்லை. அதன் மையத்தில் இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கின்றன. அவை பிடித்துவைத்த நீர்தான் வளையத்தை அறுக்கிறது. செரினைக் குறிவைத்து வந்த கூட்டாளிகளுக்கு இங்கே பிடிப்பதற்கு எதுவும் இல்லை. ஆய்வகங்கள் இந்த வகையை அடையாளம் காண்பதும் துத்தநாகத்தை வைத்தே: உலோக அயனிகளைக் கவ்வும் ஈடிடிஏ என்ற பொருளைச் சேர்த்ததும் நொதி செயலிழந்து, மருந்து மறுபடி பலித்தால் அது மெட்டல்லோ. இரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பார்களே, அந்தக் குழாயில் இரத்தம் உறையாமல் காப்பதும் இதே ஈடிடிஏதான். அங்கே அது கால்சியத்தைக் கவ்வுகிறது.

இப்போது அறிக்கையில் உள்ள மெரோபெனம் ஏன் வீழ்ந்தது என்பது புரியும். அது கார்பபெனம் வகை. பெனிசிலினின் வளையத்துக்குப் பக்கத்து வளையத்தில் கந்தகம் இருக்கும் இடத்தில் கார்பன் அமர்ந்திருப்பதால் ‘கார்ப’. சாதாரண பீட்டா லாக்டமேஸ்களுக்கு எளிதில் மசியாத குடும்பம் என்பதால்தான் மருத்துவர்கள் இதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். என்டிஎம் அதையும் பிளக்கிறது. மற்ற வகைகள் பிளக்கப்படுவது சங்கடம் என்றால், இது பிளக்கப்படுவது பேராபத்து.

மிச்சம் இருப்பது முதல் இரண்டு சொல்: நியூ டெல்லி. சுவீடனில் வாழ்ந்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவர் இந்தியா வந்து, டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபின், 2008-இல் அவருடைய சிறுநீரில் இந்த நொதி கொண்ட கிளெப்சியெல்லா கிடைத்தது. 2009 டிசம்பரில் ஆய்வுக்கட்டுரை வந்தபோது ஊர்ப் பெயரும் ஒட்டியது. இந்த நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம்தான். விஐஎம் என்பதில் இத்தாலியின் வெரோனா இருக்கிறது, எஸ்பிஎம்-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ, எஸ்ஐஎம்-இல் சியோல். டிஇஎம் என்பதோ ஏதென்சில் ஒரு நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகள்.

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் பெரிய கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என என்டிஎம்-1 கொண்ட பாக்டீரியாக்களை அது காட்டியது. டெல்லியில் அரசியல் கொதித்தது. தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்து, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிறார்கள் என்று அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2011 ஜனவரியில் டெல்லி வந்த லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக மன்னிப்புக் கேட்டார். 2015-இல் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், மனிதர், விலங்கு ஆகியவற்றின் பெயர் வேண்டாம் என்று வழிகாட்டியது. 2021 மே இறுதியில் கொரோனா திரிபுகளுக்கு கிரேக்க எழுத்துகள் வந்தபோது, இந்தியாவில் முதலில் கண்ட திரிபு ‘டெல்டா’ ஆனதும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

ஊர்ப் பெயர் மீதான கோபம் நியாயமானது. ஒரு நகரத்தின் மக்கள் கிருமியின் அடைமொழியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நீண்ட பெயரில் நொதி செய்யும் வேலையைப் பற்றி எதுவுமே சொல்லாத பகுதி இதுதான். நாட்டின் சினம் முழுவதும் அதன்மேல் பாய்ந்தபோது, துத்தநாகமும் வளையமும் சொன்ன எச்சரிக்கை பின்னுக்குப் போனது. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஏனென்றால் எச்சரிக்கை தண்ணீரில் இருந்தது. 2010 இலையுதிர் காலத்தில் டெல்லியின் தெருக்களில் தேங்கிய கழிவுநீரிலிருந்து 171 மாதிரிகளும், பொதுக் குழாய்களிலிருந்து 50 மாதிரிகளும் எடுத்துச் சோதித்த முடிவுகள் அடுத்த ஆண்டு வெளிவந்தன. என்டிஎம்-1 மரபணு தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய்நீரில் இரண்டிலும் இருந்தது. அந்த மரபணுவைச் சுமந்து உயிரோடு வளர்ந்த பாக்டீரியா கிடைத்ததோ 12 கழிவுநீர் மாதிரிகளிலும் அதே இரண்டு குழாய்நீர் மாதிரிகளிலும். ‘மரபணு கண்டறியப்பட்டது’ என்பதும் ‘பாக்டீரியா வளர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வளர்ந்தவற்றில் காலராக் கிருமியும் சீதபேதிக் கிருமி வகையொன்றும் இருந்தன. இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளைய டிஎன்ஏவில் உட்கார்ந்திருப்பதால், ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனத்துக்குக் கைமாறும். அந்த ஆய்வில் கைமாற்றம் அதிகம் நடந்த வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். டெல்லியில் ஆண்டின் பாதிக்குமேல் அந்த வெப்பம் உண்டு.

‘என்டிஎம்-1’-இல் உள்ள ‘ஒன்று’ முதல் வடிவத்தைக் குறிக்கிறது. பிறகு அமினோ அமிலங்கள் சில மாறி முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ளன. நோயாளிக்கு அந்த எண்ணால் பெரிய வேறுபாடு இல்லை.

அறிக்கையின் மற்ற சொற்களையும் பார்ப்போம். கிளெப்சியெல்லா என்பது ஜெர்மானிய அறிஞர் எட்வின் கிளெப்ஸ் பெயரால் வந்த பேரினப் பெயர். ‘நிமோனியே’ என்றிருப்பதால் நுரையீரல் நோய் என்று பலர் பயப்படுகிறார்கள். 1882-இல் நிமோனியா நோயாளிகளில் முதலில் விவரிக்கப்பட்டதால் வந்த பெயர் அது. சிறுநீரிலும் இரத்தத்திலும் இருந்தாலும் பெயர் மாறாது.

எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள் முறையே மருந்துக்குக் கட்டுப்படும், இடைப்பட்டது, கட்டுப்படாது என்பவை. பக்கத்தில் ‘எம்ஐசி’ என்று ஓர் எண் இருக்கும்: கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த செறிவு. எண் சிறியதாக இருக்கும் மருந்தே நல்லது என்று பலர் மருந்துகளை ஒப்பிடுகிறார்கள். அது தவறு. அமெரிக்க அளவுகோலின்படி இந்தக் கிருமிக்கு மெரோபெனம் 1 என்றால் எஸ், சிப்ரோஃப்ளாக்சசின் 0.5 என்றால் அதைவிடச் சிறிய எண்ணாக இருந்தும் ஐ. ஒவ்வொரு மருந்தும் உடலில் எட்டும் அளவு வேறு என்பதால், எண்ணை அதன் எல்லையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

தாளின் மேல் பகுதியில் மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று இருக்கும். மலக்குடல் ஸ்வாபில் என்டிஎம் என்றால், கிருமி குடலில் குடியிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து தேவைப்படுவதில்லை. பக்கத்துப் படுக்கைக்குப் பரவாமல் கை கழுவுவதும் தனிமைப்படுத்துவதும்தான் தேவை. இரத்தத்தில் என்றால் அது தொற்று. ‘குடியிருக்கிறதா, நோய் செய்கிறதா?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

நோய்தான் என்றால், அஸ்ட்ரியோனம், செஃப்டாசிடைம்-அவிபேக்டம் என இரண்டு ஊசிகளைச் சேர்த்து ஏற்றச் சொல்லக்கூடும். அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனியே ‘ஆர்’ போட்டிருக்கும், குடும்பத்தார் பதறிப்போவார்கள். ஆனால் அஸ்ட்ரியோனத்தின் வளையத்தை என்டிஎம்மால் பிளக்க முடியாது. அதைப் பிளப்பவை, அதே கிருமி கூடவே வைத்திருக்கும் செரின் வகை நொதிகள். அவிபேக்டம் அந்தச் செரின் நொதிகளை அடைத்துவிட, அஸ்ட்ரியோனம் சுவர் வேலையை நிறுத்துகிறது. அஸ்ட்ரியோனத்தையும் அவிபேக்டத்தையும் ஒரே மருந்தாகச் சேர்த்ததற்கு ஐரோப்பா 2024-இலும் அமெரிக்கா 2025-இலும் அனுமதி வழங்கின; இந்திய மருத்துவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஊசிகளைத் தனித்தனியாக வாங்கி ஒரே நேரத்தில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.