கடலுக்குப் போகும் வழி

கடல் பொது என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. தகராறெல்லாம் அங்கே போகிற பாதையில்தான். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது சான் மேட்டியோ கவுண்டி. அந்த மாநிலத்தில் கடல் ஏற்றத்தின் சராசரிக் கோட்டுக்குக் கீழே உள்ள ஈரமணல் மக்களுக்குச் சொந்தம். ஆனால் ஹாஃப் மூன் பே ஊருக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் கடற்கரைக்கு இறங்க ஒரே சாலைதான். அதுவும் தனியார் நிலத்தில். பழைய உரிமையாளர்கள் வண்டி நிறுத்தக் காசு வாங்கிக்கொண்டு ஊராரை உள்ளே விட்டுவந்தார்கள். 2008-இல் நிலம் தொழிலதிபர் வினோத் கோஸ்லாவின் கைக்கு வந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. மணல் அதே பொது மணல்தான், படகு வைத்திருப்பவருக்கு மட்டும்!

காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் ஊராரை ஏன் உள்ளே விடவேண்டும் என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. குப்பை அள்ளுவதும் உரிமையாளர் தலையில்தானே விழும்? ஆனால் கரையோர நிலம் அந்த விலைக்குப் போவதே எதிரே கடல் இருப்பதால். அதை விற்றவரும் உண்டாக்கவில்லை, வாங்கியவரும் உண்டாக்கவில்லை. தவிர, மக்கள் கரைக்குப் போவதைக் காக்கும் கடலோரச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இந்தக் கதவு பற்றிய வழக்கில், பாதையை அடைக்க அனுமதி வாங்கவேண்டும் என்றே 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. சட்டம் வென்றது சரி, ஆனால் ஒரு கதவுக்காக இத்தனை ஆண்டு வழக்காடச் சாதாரண ஆளால் முடியுமா?

ஆகவே உரிமையைத் தாளில் எழுதுவதைவிட, வழியைக் கட்டிக் கொடுப்பதே பெரிது என்பேன். இதே கவுண்டியின் வடக்கே பசிபிகாவில் 1973-இல் கட்டிய கடல் பாலம் அப்படிப்பட்டது. கழிவுநீர்க் குழாயைத் தாங்கத்தான் கட்டினார்கள் என்பது வேடிக்கை. மணலில் நின்று தூண்டில் போட 16 வயது நிரம்பியவர் உரிமம் வாங்கவேண்டும். பொதுப் பாலத்தின் மேல் நின்றால் வேண்டாம். டஞ்சனஸ் நண்டுக் காலத்தில் கைப்பிடிச் சுவரோரம் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். இரை கட்டிய வளைய வலையைக் கயிற்றில் இறக்கிக் காத்திருந்து, சட்டென்று இழுப்பார்கள். ஏறிவந்த நண்டின் ஓட்டைக் குறுக்கே அளந்து பார்ப்பார்கள். 5¾ அங்குலம் இல்லாவிட்டால் அது திரும்பக் கடலுக்கு.

உரிமம் இல்லாமல் விட்டால் கடலைக் காலி செய்துவிடுவார்களே என்பார்கள். உரிமம்தான் இல்லையே தவிர விதி இல்லாமல் இல்லை. நாளைக்கு ஒருவருக்கு 10 நண்டு, அதற்கு மேல் இல்லை. தூண்டிலும் வலையும் சேர்த்து இரண்டுக்கு மேல் போடக்கூடாது. எனக்குக் கனமாகப் படுகிற எதிர்வாதம் செலவு. குளிர்காலப் பேரலைகள் பாலத்தை உடைக்கின்றன. பழுதுபார்க்க மூடவும் நேர்கிறது. நுழைவுக் கட்டணம் வைத்தால் முதலில் வராமல் போவது வாளியோடு வருகிற ஏழைதான். அதேசமயம், மாநிலம் முழுவதற்கும் திறந்திருக்கும் பாலத்தின் செலவை ஒரு சிறு ஊர் மட்டும் சுமப்பதும் முறையில்லை. உரிமச் சலுகையைக் கொடுத்த மாநிலமே அதில் பெரும்பங்கைப் போடட்டும்.