வெறும் பேச்சு

இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியை முதலில் சொன்னவர்கள் பெண்கள். நான்கு நற்செய்தி நூல்களும் எத்தனையோ விவரங்களில் வேறுபட்டாலும், காலியான கல்லறையை முதலில் கண்டது பெண்கள் என்பதில் ஒத்துப்போகின்றன. நான்கிலும் மகதலேனா மரியாள் இருக்கிறாள். அடுத்து நடந்ததை லூக்கா மறைக்கவில்லை. பெண்கள் ஓடிவந்து சொன்னதை சீடர்கள் வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள்.

அவர்கள் அந்த விடியலில் எதற்காக அங்கே போனார்கள்? அற்புதம் பார்க்கப் போகவில்லை. அவசரமாக அடக்கம் செய்யப்பட்ட உடலுக்கு நறுமணப் பொருட்கள் பூசப் போனார்கள் என்கின்றன மாற்குவும் லூக்காவும். பிணத்துக்குச் செய்யும் வேலை, யாரும் கூலி கணக்குப் பார்க்காத வேலை. அதைச் செய்யப் போனதால்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் வருசநாட்டுப் பக்கம் இந்து வீடுகளில் சாவு விழுந்தால் பெண்கள் நீர்மாலைக்குப் போவார்கள், மாரடிப்பார்கள், ஒப்பாரி வைப்பார்கள். பாடை தெருமுனையைத் தாண்டும்போது நின்றுவிடுவார்கள். அதற்கப்பால் நடப்பதெல்லாம் ஆண்கள் வந்து சொல்லித்தான் தெரியும். கல்லறைவரை போன பெண்களின் கதை என்னை முதலில் பிடித்து நிறுத்தியது இதனால்தான்.

நற்செய்தி நூல்களுக்கு முன்பே எழுதப்பட்டது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதம். உயிர்த்தெழுந்தவர் யார் யாருக்குக் காட்சி தந்தார் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, கடைசியாகப் பவுல். மரியாளின் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ், புத்தி பேதலித்த ஒரு பெண்ணின் பேச்சை நம்புவதா என்று கேலி செய்தார். உள்ளே இருந்தவர்கள் பெயரை விட்டார்கள், வெளியே இருந்தவர் பைத்தியம் என்றார். 591இல் போப் கிரிகோரி தம் பிரசங்கத்தில் அவளைப் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கினார். போப் பிரான்சிஸ் அவளுடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது 2016இல்.

இன்றைய பிரசங்கிகள் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள்: கதை கட்டியிருந்தால் பெண்களையா சாட்சியாக வைத்திருப்பார்கள், ஆகவே இது உண்மைதான் என்று. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் எனக்குக் கசக்கிறது. அவள் சொன்னதால் நம்புகிறோம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அவள் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதே ஆதாரமாகிறது.

பங்குனி, சித்திரையில் இங்கே இலவங்காய் உடைக்கும் வேலை நடக்கும். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதையைப் பிரிப்பார்கள். ஈஸ்டரும் ஏறக்குறைய அப்போதுதான் வரும். கூட்டத்தில் வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குப் போகும் அக்கா ஒருவர் இருந்தார். மகன் செத்த துக்கத்தில் மூன்று மாதம் பேசாமல் கிடந்தவர், தான் எப்படி எழுந்து உட்கார்ந்தேன் என்று காய் உடைத்தபடியே சொல்வார். சிலர் கேட்பார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். “நாஞ் சொல்லிட்டேன் தாயி, நம்புறதும் நம்பாததும் ஒன் இஷ்டம்” என்று அடுத்த காயை எடுப்பார். அந்த அக்காவுக்குச் சாட்சி சொல்ல அடுப்படியும் திண்ணையும் உண்டு. பிரசங்க மேடை கிடையாது.

விசுவாசத்தைப் பகிர்வதெல்லாம் இப்படி இல்லை என்பதும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, ஜெபித்தால் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அது சாட்சி இல்லை, வலை. சாட்சி சொல்கிறவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். கேட்பவர் எழுந்து போக இடம் விடுகிறார். நான் அந்த அக்காவின் கடவுளை ஏற்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தை ஏற்றேன். அதை ஏற்காமல் அந்தப் பேச்சைக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

சொல்பவளுக்கு இந்தக் கதி என்றால், நம்புகிறவளுக்கு? பாளையங்கோட்டை குளோரிந்தா மராத்தியப் பிராமணக் கைம்பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமாகாத வாழ்க்கை என்று மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகே, 1778இல், கொடுத்தார். அவர் விசுவாசம் ஓர் ஆணின் மரணத்துக்காகக் காத்திருந்தது. 1785இல் அங்கே ஆலயம் எழும்பியது அந்தப் பெண்ணின் முயற்சியால். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறாராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு. பாதுகாப்பு என்றார்கள். வருசநாட்டில் ஐம்பது வயதுப் பெண், தோட்டக் கணக்கும் சங்கக் கணக்கும் பார்க்கிறவர், கடவுள் விஷயத்தில் மட்டும் தன் பேரனோடு ஒரே வரிசையில் நின்றார். அவருடைய கணவர் அந்த வரிசையில் இல்லை, அவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இல்லாதவரை. 2004இல் இங்கே அது திரும்பப் பெறப்பட்டது. 1967இன் ஒடிசா சட்டத்தில் அதே வரிசைதான். 2021இன் உத்தரப் பிரதேசச் சட்டத்திலும் அதே வரிசைதான்.